குதிரையின் செவிக்குக் கட்டிய மணி



குதிரையில் ஏறியவர் ஒருவரும் துவிச்சக்கர வண்டியில் ஏறியவர் ஒருவரும் ஒரே பாதையில் வழித்துணைவராகச் செல்லல் கூடுமா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஒன்று உயிருள்ள வாகனம். மற்றது இரும்பும் றப்பரும் சேர்ந்த பொறி. ஒன்று அரசர்க்கு உரியது. மற்றது ஆசிரியர்க்கும் தபாற்காரர்க்கும் உரியது. ஆயினும் இவ்விரண்டும் அடுத்தடுத்துச் சென்ற வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதனுள்ளே மனிதனுடைய வேகத்தைப் பற்றியும், அந்த வேகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றியும் ஒரு பாடம் இருக்கின்றது. இன்றைய உரையில் அந்தப் பாடத்தைச் சற்று விரித்து நோக்குவோம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிராமப்புறங்களிலே குதிரைப் பாதை எனப் பெயர் பெற்ற ஒடுங்கிய வழிகள் இன்றும் உண்டு. வயல்களின் ஓரமாகவும் காட்டின் ஊடாகவும் செல்லும் அவ்வழிகள் நடந்து செல்வோருக்கும் குதிரையிற் செல்வோருக்கும் மாத்திரமே உரியனவாய் இருந்தன. 1968 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய நாட்டுப்புறச் சட்டம் துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் அப்பாதைகளைத் திறந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது. நடந்து வருபவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிடல் வேண்டும் என்பதே அது. நண்பர் இருவர், ஒருவர் குதிரையிலும் மற்றவர் சைக்கிளிலுமாக உலாப் போவது இத்தகைய பாதைகளில் பெரிய புதினமன்று.

அவ்வாறு செல்லும் இருவரும் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் வேகமாகும். நம் நூலோர் குதிரையின் நடையை ஐந்து கதிகளாக வகுத்தனர். மேனாட்டார் பொதுவாக நான்கு என்பர். சாதாரண நடையிற் செல்லும் குதிரை மணித்தியாலத்துக்கு ஆறு அல்லது ஏழு கிலோ மீற்றர் தூரம் செல்லும். அந்த வேகத்தில் சைக்கிளைச் செலுத்துபவர் பாடு திண்டாட்டந்தான். வேகம் குறையக் குறைய இரு சில்லு வண்டி தள்ளாடத் தொடங்கும். குதிரை துள்ளுநடைக்கு வந்து மணித்தியாலத்துக்குப் பதின்மூன்று கிலோ மீற்றர் அளவில் ஓடும்பொழுதுதான் இருவரும் பக்கத்திற் பக்கமாய் ஆறுதலாகப் பேசிச் செல்லலாம். நல்ல தார் வீதி வந்தால் சைக்கிள்காரர் முந்திச் சென்று காத்து நிற்பார். மணற்பாதை வந்தால், ஏற்றம் வந்தால், குதிரைக்காரர் முந்திச் சென்று காத்து நிற்பார். ஆகவே இந்த இருவருடைய தோழமை காத்து நிற்பதனாலே அமைந்த தோழமை எனலாம்.

இரண்டாவது சிக்கல் அச்சம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் அது தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குப் பார்க்க வல்லது. அதற்குத் தெரியாத இடங்களுள் முக்கியமானது நேர் பின்புறம். புல்வெளியில் மேய்ந்து வாழ்ந்த காலத்திற் கொடிய விலங்கு அந்தத் திசையிலிருந்துதான் ஓசைப்படாமல் வந்தது. துவிச்சக்கர வண்டி வருவதும் அவ்வாறே! குளம்பொலி இல்லை, காலடி ஓசை இல்லை, சடுதியாகப் பக்கத்திலே ஓர் உருவம் தோன்றும். குதிரை மிரளும், உதைக்கும், ஏறியவரைத் தள்ளிவிட்டு ஓடும். ஆதலால் பின்னால் வருபவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்து, வேகத்தைத் தணித்து, நிறைய இடம் விட்டுக் கடந்து செல்லல் வேண்டும் என்று அங்கு அறிவுறுத்தப்படுகின்றது. மனிதக் குரலைக் கேட்டால் குதிரை அமைதியடையும் என்பது குதிரை வளர்ப்போர் அனுபவம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1815 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய துகள்கள் வானத்தை மறைத்தன. அடுத்த ஆண்டாகிய 1816 ஐரோப்பாவில் கோடை இல்லாத ஆண்டு எனப் பெயர் பெற்றது. பயிர் அழிந்தது, தானியத்தின் விலை ஏறியது, மனிதருக்கே உணவில்லாத வேளையில் குதிரைக்குத் தீனி எங்கே கிடைக்கும்? இந்தப் பின்னணியிலேதான் 1817 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 ஆந் திகதி, ஜேர்மனியின் பாடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் என்ற வன அதிகாரி, மரத்தாற் செய்த இரு சில்லுப் பொறியொன்றில் ஏறி மன்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டார். அதற்கு மிதி இல்லை. காலால் நிலத்தை உந்தி உந்திச் செல்லல் வேண்டும். அவர் ஷ்வெற்சிங்கன் செல்லும் வீதி வழியே சென்று ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்தார். குதிரைக்கு ஏற்பட்ட தட்டுப்பாடே இப்பொறி பிறக்கக் காரணமாயிற்று என ஆய்வாளர் சிலர் கருதுவர். அதனை ஏற்காதோரும் உளர். காரணம் எதுவாயினும், தீனி தின்னாத குதிரை ஒன்றை மனிதன் தேடினான் என்பது தெளிவு. இங்கிலாந்துக்கு இப்பொறி வந்தபொழுது மக்கள் அதற்கு இட்ட பட்டப் பெயரும் 'பகட்டுக்காரரின் குதிரை' என்பதே.

மிதி பொருத்திய வண்டிகள் 1860 களில் பிரான்சிலே தோன்றின. பின்னர் முன் சில்லு ஆளுயரம் வளர்ந்தது. 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பவர் இங்கிலாந்தின் கொவென்ற்றி நகரில் இரு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவாய், சங்கிலியால் இயங்குவதாய் அமைந்த 'பாதுகாப்புச் சைக்கிளை' உருவாக்கினார். நாம் இன்று ஏறுவது ஏறக்குறைய அதனையேதான். இந்த வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் அந்தப் பொறி குதிரை ஓடும் வீதியிலேதான் ஓடவேண்டியிருந்தது. வண்டிக் குதிரைகள் மிரண்டன. சாரதிகள் சினந்தனர். இப்புதுப் பொறி எந்தச் சாதி? வண்டியா, அன்றிக் கைப்பொருளா? என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. 1835 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் வண்டியை மூர்க்கமாக ஓட்டுவதைக் குற்றமாக்கியிருந்தது. சைக்கிளை மூர்க்கமாக ஓட்டியவரும் அச்சட்டத்துக்கு உட்பட்டவரே என 1879 இல் ஒரு வழக்கிலே தீர்ப்பாயிற்று. 1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் துவிச்சக்கர வண்டியும் வண்டியே எனப் பிரகடனஞ் செய்தது. அதனோடு ஒரு கடமையையும் சேர்த்தது. வண்டியையோ, குதிரையையோ, கோவேறு கழுதையையோ, நடந்து செல்பவரையோ முந்தும்பொழுது மணியை அல்லது ஊதுகுழலை ஒலித்துத் தன் வரவை அறிவித்தல் வேண்டும்.

நேயர்களே, நமது சைக்கிளின் கைபிடியிலே சிறுவர் விரும்பி அடிக்கும் அந்த மணியைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'நான் வருகிறேன், விலகு' என்ற அதிகாரத்தின் ஒலியாகவே நாம் அதனைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். ஆனால் சட்டம் அதனை வைத்த நோக்கம் வேறு. 'நான் வருகிறேன், அஞ்சாதே' என்று தன்னிலும் மெதுவாகச் செல்பவருக்கும் வாய் பேசாத விலங்குக்கும் சொல்வதற்கே அது வைக்கப்பட்டது. குதிரையின் செவியையும் எண்ணிக் கட்டப்பட்ட மணி அது.

தோழமை இவ்வாறு இருக்க, போட்டியும் இல்லாமற் போகவில்லை. 1892 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஜேர்மன், ஒஸ்திரிய இராணுவ அதிகாரிகளுக்கிடையே ஒரு நெடுந்தூரக் குதிரை ஓட்டம் நடந்தது. ஜேர்மனியர் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஒஸ்திரியர் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும் ஓட்டுதல் வேண்டும். தூரம் ஏறத்தாழ 580 கிலோ மீற்றர். இருநூறு பேர் அளவிற் பங்குபற்றினர். ஒஸ்திரியப் படையைச் சேர்ந்த ஸ்ரார்ஹெம்பேர்க் பிரபு 71 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் ஓடி முடித்து வெற்றி பெற்றார். ஆனால் வழியெங்கும் குதிரைகள் விழுந்து மாண்டன. முன்னணியில் வந்து சேர்ந்த குதிரைகளுள்ளும் உயிர் தப்பாதவை உண்டு. வெற்றி முழக்கத்தோடு கண்டனக் குரலும் எழுந்தது. ஓர் அதிகாரியின் புகழுக்காக ஒரு வாயில்லாச் சீவன் சாவதா என்று விலங்குகளிடத்து அன்புடையோர் கேட்டனர்.

அடுத்த ஆண்டு, 1893 ஜூன் மாத இறுதியில், அதே இரு நகரங்களுக்கிடையே சைக்கிள் ஓட்டம் ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டது. வியன்னாவிலிருந்து புறப்பட்டு முதலாவதாகப் பெர்லினை அடைந்தவர் மியூனிக் நகரத்து யோசெப் பிஷர். அவர் எடுத்த நேரம் ஏறத்தாழ 31 மணித்தியாலம். பிற்காலத்தில், 1896 இல், பாரிஸ் – ரூபே ஓட்டம் முதன்முதலாக நடந்தபொழுது வென்றவரும் அவரே. குதிரைக்கு 71, சைக்கிளுக்கு 31. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பத்திரிகைகள் வியந்தன. குதிரையின் காலம் முடிந்தது என்று சிலர் எழுதுவதற்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்த இரு ஓட்டங்களையும் எண்களால் மாத்திரம் ஒப்பிடுதல் போதாது என்பது என் கருத்து. இரண்டிலும் களைப்பு இருந்தது, வலி இருந்தது. வேறுபாடு யாதெனில், 1892 இல் ஒருவருடைய ஆசைக்கு இன்னோர் உயிர் களைத்தது. 1893 இல் ஆசைப்பட்டவரே களைத்தார். குதிரை வீரனுக்குத் தன் வாகனத்தின் களைப்புக் கேள்விச் செய்தி. சைக்கிள்காரனுக்கு அது தன் முழங்காலில் உறைக்கும் செய்தி. தன் முழங்கால் நொந்தால் எவரும் நிறுத்துவர். பிறர் முழங்கால் நொந்தால் நிறுத்துபவர் சிலரே. வேகத்தின் வரலாற்றில் இஃது ஒரு பெருந் திருப்பம்.

போர்க்களத்திலும் இது தெரிந்தது. 1899 இல் தென்னாபிரிக்காவிலே பூவர் போர் தொடங்கியபொழுது, டானி தேரன் என்பவர் பூவர் தரப்பில் செய்தி கொண்டு செல்வதற்கெனச் சைக்கிள் படைப்பிரிவொன்றை அமைத்தார். குதிரைக்குப் புல்லும் நீரும் ஓய்வும் வேண்டும், சைக்கிளுக்கு இவை வேண்டா என்பது அவர் வாதம். மறுபுறத்தில் பிரித்தானியப் படை கப்பல் கப்பலாகக் குதிரைகளை இறக்கியது. அப்போரில் மாண்ட பிரித்தானியக் குதிரைகள் மூன்று இலட்சத்துக்கு மேல். குண்டு பட்டு இறந்தவற்றிலும் பசியாலும் நோயாலும் களைப்பாலும் இறந்தவையே மிகப் பல. அதே போரிற் பிடிபட்ட பூவர் கைதிகளுள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் 1900 முதல் நமது தியத்தலாவையில் முகாமிட்டுக் காவலில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதும் நினைவு கொள்ளத்தக்கது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். சைக்கிள் பிறர் உடலை வருத்தாத வாகனந்தானா? இக்கேள்விக்கு விடை காண றப்பரைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்றடைத்த ரயரைத் தந்தவர் ஜோன் பொய்ட் டன்லொப். ஸ்கொட்லாந்திற் பிறந்து பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த அவர் தொழிலால் ஒரு மிருக வைத்தியர்! குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த கையே, தன் மகனுடைய முச்சில்லு வண்டி கல் வீதியில் அதிராமல் ஓடுவதற்கென றப்பர்க் குழாயிற் காற்றடைத்துச் சில்லைச் சுற்றிப் பொருத்தியது. 1888 இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே, 1840 களில், றொபேட் தொம்சன் என்ற இன்னொரு ஸ்கொட்லாந்தியர் இதே எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அவர் நினைத்தது குதிரை வண்டியின் சில்லை. காலம் அதனை ஏற்கவில்லை. டன்லொப்பின் ரயர் வந்த பின் சைக்கிள் உலகெங்கும் பரவியது. றப்பரின் தேவை பல மடங்கு பெருகியது.

அந்த றப்பர் எங்கிருந்து வந்தது? முதலில் அமேசன் காட்டிலிருந்தும், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் தன் சொந்த உடைமையாக ஆண்ட கொங்கோவிலிருந்தும் வந்தது. கொங்கோ மக்கள் குறித்த அளவு றப்பர் கொண்டுவரும்படி சவுக்காலும் துப்பாக்கியாலும் வருத்தப்பட்டமை உலகம் அறிந்த கொடுமை. பின்னர் நமது நாடும் இக்கதையினுள் வருகின்றது. 1876 இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டன் கியூ தாவரப் பூங்காவில் இடப்பட்டன. முளைத்த நாற்றுகளுள் 1900 க்கு மேற்பட்டவை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் றப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. இருள் பிரியுமுன்னே வாளியோடும் கத்தியோடும் மரத்தடிக்குச் சென்று பால் வெட்டியவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர். அவர்களுட் பெண்கள் பலர். ஐரோப்பியச் சீமாட்டி ஒருத்தி குதிரை வண்டியை விட்டுத் தன் காலால் மிதித்துச் சுதந்திரமாக உலாப் போன காலையில், அவளுடைய ரயருக்குரிய பாலை எங்கோ ஒரு காட்டில் அல்லது தோட்டத்தில் இன்னொரு பெண் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே, சைக்கிள் குதிரையின் முதுகிலிருந்து இறக்கிய சுமை முழுவதும் மறைந்து போகவில்லை. அதிற் பாதி கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தோளில் ஏறியது. எளிய வாகனத்தைப் போற்றுகின்ற நாம் இதனையும் சேர்த்துச் சொல்லுதலே நேர்மை.

இனி நம்மிடம் வருவோம். தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குச் சொற்களிலே ஒரு கண். ஐரோப்பியர் சைக்கிளுக்கு இட்ட சொற்கள் குதிரையைச் சுற்றியே எழுந்தன. ஆங்கிலத்திற் குதிரையின் சேணத்துக்கும் சைக்கிளின் ஆசனத்துக்கும் ஒரே சொல். ஜேர்மனியர் சைக்கிளைக் 'கம்பிக் கழுதை' என்று கேலியாகச் சொல்வர். குதிரையில் இடப்புறமிருந்து ஏறுவது இடுப்பின் இடப்புறம் வாள் தொங்கிய காலத்து வழக்கம் என்பர். நாம் சைக்கிளில் ஏறுவதும் பெரும்பாலும் இடப்புறமிருந்தே. ஆனால் தமிழில் என்ன சொன்னோம்? துவிச்சக்கர வண்டி என்றோம். தமிழகத்தார் மிதிவண்டி என்றனர். ஈருருளி என்று தனித்தமிழ் அன்பர் வழங்கினர். முதலிரு பெயர்களிலும் நிற்பது வண்டி. மூன்றாவதில் நிற்பது சில்லு. குதிரை எங்குமே இல்லை!

காரணம் எளிது. புரவி, பரி, இவுளி, துரகம், பாய்மா என்று குதிரைக்கு எத்தனையோ சொற்கள் நம்மிடம் உண்டு. ஆனால் குதிரை நம் மண்ணின் விலங்கன்று. அது கடல் வழியாகக் கலத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை மணிவாசகர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்ட கதையை நம் பிள்ளைகள் சைவபாட வகுப்பிலே படிக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறக்குமதியாவதையும் பராமரிப்பு அறியாமையால் அவற்றுட் பல மடிவதையும் எழுதி வைத்தார். குதிரை அரசனுடையது, படையுடையது, தேருடையது. குடியானவனுக்கு வாய்த்தவை தன் கால்களும் மாட்டு வண்டியும். எனவே, ஐரோப்பியன் குதிரையிலிருந்து இறங்கிச் சைக்கிளில் ஏறினான். நாமோ நடையிலிருந்து உயர்ந்து சைக்கிளில் ஏறினோம். அவனுக்கு அது குதிரைக்கு மாற்று; நமக்கு அதுவே முதற் குதிரை.

அந்த முதற் குதிரை நமக்கு என்ன செய்தது என்பதை 1990 களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களிடம் கேளுங்கள். 1990 இல் வந்த பொருளாதாரத் தடையோடு பெற்றோல் அரிதாயிற்று. ஆசிரியர், வைத்தியர், மீன் வியாபாரி, மணமகன் எல்லோருக்கும் சைக்கிளே வாகனம். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தால் வானொலி கேட்டோம். சிறுவனாய் இருந்த எனக்கும் சுற்றுமுறை வரும். செய்தி முடியுமட்டும் கை ஓயக் கூடாது. ஓய்ந்தால் வாசிப்பவர் குரல் கரைந்துவிடும். இன்று வானொலியிற் பேசும்பொழுது, ஒரு குரலைக் கேட்பதற்கு ஒரு கை வலித்தது என்ற எண்ணம் எனக்கு வராமற் போவதில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுதும் எழுந்து தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தது. அப்பொழுது எனக்கு வயது பதினைந்து. நாவற்குழிப் பாலத்துக்குச் செல்லும் வீதியில் ஆயிரமாயிரம் சைக்கிள்கள். ஆனால் ஒருவரும் ஏறி ஓடவில்லை, ஓட இடமில்லை. கரியரில் அம்மம்மாவை இருத்தி, பாரிலே உடுப்புப் பொதியைக் கட்டி, கைபிடியில் ஓர் அரிசிப் பையைக் கொழுவி, ஐயா மழையில் உருட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் அம்மம்மாவின் முதுகைப் பிடித்தபடி வந்தேன். "ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ, அம்மம்மாவுக்குக் கால் விறைக்குதாம்" என்றால் நிற்பார். கூட்டமும் சேர்ந்து நிற்கும், பின் நகரும். வேகத்துக்கென உலகம் கண்டுபிடித்த பொறி, அன்றைக்கு நடக்க இயலாத ஒருவருடைய வேகத்துக்குப் பணிந்து சென்றது. வியன்னாவிலிருந்து பெர்லினுக்கு ஓடியதைக் காட்டிலும் இந்தப் பயணத்தையே சைக்கிளின் பெரும் பயணம் என்று நான் எண்ணுகிறேன்.

குதிரையும் சைக்கிளும் நம் நாட்டில் ஒருங்கே எதிர்ப்படும் இடம் ஒன்று உண்டு. அது நெடுந்தீவு. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி அப்பணியைத் தொடர்ந்தார். குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆண்டவர்கள் போயினர், குதிரைகள் மிஞ்சின. இலாடமும் கடிவாளமும் இன்றி, உடையவர் இன்றி, வெட்டையிலே கூட்டங் கூட்டமாகத் திரிகின்றன. மாரியில் அவற்றுக்குக் குறையில்லை. கடும் வரட்சி வந்தாற் குடிக்க நீரின்றி அவை மடிகின்ற செய்தியைப் பத்திரிகைகளில் நாம் பல தடவை படித்திருக்கிறோம். அரசர்க்கும் படைக்கும் எனக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட இனத்தின் எச்சம், ஒரு வாளி நீருக்கு ஊரவர் கையை எதிர்பார்த்து நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வைகாசி மாதத்தில், உடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவரோடு குறிகட்டுவானிலிருந்து படகேறி அங்கு சென்றேன். சைக்கிள்களையும் படகில் ஏற்றிச் சென்றோம். பவளப் பாறைக் கற்களை அடுக்கிய வேலிகளுக்கு நடுவே மிதித்துச் செல்கையில், பாதைக்குக் குறுக்கே ஆறேழு குதிரைகள் ஒரு தொட்டியைச் சூழ்ந்து நின்றன. விலா எலும்பு தெரிந்தது. நண்பர் வழக்கப்படி மணியில் விரலை வைத்தார். தொட்டிக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "சேர், பெல் அடிக்காதேங்கோ. அதுகள் தண்ணி குடிக்கட்டும்" என்றார். நாங்கள் இறங்கி நின்றோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசிக் குட்டியும் குடித்து விலகிய பின்னரே பாதை திறந்தது. பெரியவர் வாளியை வைத்துவிட்டு, "இனிப் போங்கோ" என்றார்.

1968 ஆம் ஆண்டின் சட்டத்தை அந்தப் பெரியவர் படித்திருக்க நியாயமில்லை. 1888 ஆம் ஆண்டின் சட்டத்தையும் அறிந்திரார். ஆனால் அவ்விரு சட்டங்களும் எழுத்திலே தேடிய நீதி அவர் வாயில் இயல்பாக வந்தது. பாதையில் வல்லவர் மெலியவருக்கு நிற்றல் வேண்டும். மணியை அடித்து அச்சந் தீர்ப்பது ஒரு முறை. அடியாமல் நிற்பது அதனினும் உயர்ந்த முறை. எந்த வேளையில் எது தகும் என்பதை எதிரே நிற்கும் உயிரின் களைப்பைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

இன்று நம் வீதிகளிலே சைக்கிள் மெலியதாகிவிட்டது. மோட்டார்ச் சைக்கிளும் காரும் சொகுசு பஸ்ஸும் அதனை ஓரத்துக்குத் தள்ளுகின்றன. ஒரு காலத்தில் குதிரை இருந்த இடத்திற்கு இப்பொழுது அது வந்திருக்கிறது. பாடசாலை விட்டதும் கண்டி வீதியோரமாகச் சைக்கிளில் வரும் பிள்ளைகள், பின்னால் அலறும் ஒலியைக் கேட்டு மிரண்டு வேலியோடு ஒதுங்குவதை நாள்தோறும் காண்கிறேன். அவர்களைக் கடந்து செல்லும் வாகனச் சாரதிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஒலியின் முன்னோன் ஒரு சிறிய மணி. அது குதிரையின் செவிக்கு 'அஞ்சாதே' என்று சொல்வதற்காகக் கட்டப்பட்டது. அந்த நினைவோடு ஒலியுங்கள். இயன்றால் ஒலிக்காமல், சற்று நின்று, அவர்களைப் போக விடுங்கள்.